டிராஃப்டில் உயரம்: 5 அடி 8-க்கு ஒரு நியாயம், 6 அடி 5-க்கு ஒரு நியாயமா?

நீலக்கோடு:

ஒவ்வொரு ஜூன் மாதமும் இந்தப் பேச்சு அரைகுறையாக நின்றுபோகிறது. இந்த முறை முழுசாகப் பேசிவிடலாம் என்று இழை திறக்கிறேன்.

என்ஹெச்எல் (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) டிராஃப்டில், அதாவது அணிகள் முறைவைத்து இளம் ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்வில், 7 சுற்று, 32 அணி, மொத்தம் 224 பெயர். பெரும்பாலானோர் 18 வயதுப் பையன்கள். ஆட்டம் சமமாக இருக்கும் இருவரில் உயரமானவனை முதலில் எடுக்கிறார்கள் என்றால் அதில் எனக்குப் புகார் இல்லை. குட்டையானவன் தெளிவாக மேலே இருந்தும் இருபது, முப்பது இடம் கீழே போகிறானே, அங்கேதான் சண்டை.

என் வாதம் இதுதான்: ஒரு பையனுடைய ஜூனியர் புள்ளிக்கணக்கிலேயே (கோலுக்கு ஒன்று, கோலுக்கு உதவிய பாஸான அசிஸ்டுக்கு ஒன்று) அவனுடைய உடம்பும் இருக்கிறது. 17 வயதில் 6 அடி 4 அங்குலம், 210 பவுண்டு இருப்பவன் கனடாவின் ஒன்டாரியோ ஜூனியர் லீக்கில் 16 வயதுப் பிள்ளைகளைத் தோளால் ஒதுக்கிவிட்டு வலைக்கு முன்னால் நிற்கிறான். அந்த 70 புள்ளியில் ஒரு பங்கு அந்தத் தோள் சம்பாதித்தது. ஸ்கவுட் (திறமை தேடுபவர்) அறிக்கையில் "70 புள்ளி, கூடவே நல்ல உடம்பு" என்று எழுதும்போது அதே உடம்பை இரண்டு தடவை எண்ணுகிறார்கள். என்ஹெச்எல்லில் சராசரியே சுமார் 6 அடி 1 அங்குலம், 200 பவுண்டு. அங்கே போனதும் அந்தச் சலுகை கரைந்துவிடும். குட்டையான பையனோ அந்தப் புள்ளிகளை உடம்பின் உதவி இல்லாமல் எடுத்தவன். ஜூனியரிலேயே அதற்கான விலையைக் கட்டிவிட்டான்.

அலெக்ஸ் டிப்ரிங்கட்டைப் பாருங்கள். ஈரி ஜூனியர் அணிக்கு டிராஃப்டுக்கு முந்தைய இரண்டு சீசனிலும் 51, 51 கோல். உயரம் 5 அடி 7. 2016-ல் 39-வது இடம். மூன்றாவது என்ஹெச்எல் சீசன்கூட வேண்டியிருக்கவில்லை, இரண்டாவதிலேயே 41 கோல். அதே டிராஃப்டில் 18-வது இடத்துக்கு வின்னிபெக் தன் தேர்வுகளை மாற்றிக்கொடுத்து மேலே ஏறிவந்து எடுத்தது 6 அடி 7 அங்குல லோகன் ஸ்டான்லியை.

பிரேடன் பாயிண்ட் 79-வது, பிராட் மார்ஷண்ட் 71-வது, ஜானி கோட்ரோ 104-வது. மார்ட்டின் சான் லூயியையும் ஜொனாத்தன் மார்ஷசோவையும் யாருமே டிராஃப்ட் செய்யவில்லை. முதலாமவர் லீக்கின் மதிப்புமிக்க ஆட்டக்காரருக்கான ஹார்ட் விருது வாங்கினார், இரண்டாமவர் 2023-ல் கோப்பைச் சுற்றுகளின் (பிளேஆஃப்) சிறந்த ஆட்டக்காரருக்கான கான் ஸ்மைத் விருது வாங்கினார். ஒரே தவறு இத்தனை தடவை நடந்தால் அதைத் தற்செயல் என்று எப்படிச் சொல்வது?


மூலைச்சண்டை:

நீலக்கோடு, இரண்டு தடவை எண்ணுவது பற்றிய வாதம் வலுவானது, அதை மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் கொடுத்த பட்டியல் கரைசேர்ந்தவர்களின் பட்டியல். ஜூனியரில் 90, 100 புள்ளி எடுத்துவிட்டு ஐரோப்பிய லீக்குகளுக்குப் போன 5 அடி 9 விங்கர்கள் (ஓரத்தில் ஆடும் முன்வரிசைக்காரர்கள்) எத்தனையோ பேர். அவர்கள் பட்டியலில் வராததற்கு அவர்கள் பெயர் நமக்கு நினைவில் இல்லை என்பதே காரணம், அப்படி யாரும் இல்லை என்பது அல்ல.

அணி ஏன் பயப்படுகிறது என்று பார்ப்போம். ஒரு ஆட்டத்துக்கு 12 ஃபார்வர்டு (முன்வரிசைக்காரர்), மூன்று மூன்று பேராக நான்கு வரிசை. மேல் இரண்டு வரிசையில் 6 இடம். குட்டையான விங்கர் அந்த 6 இடத்துக்குள் வந்தால்தான் வேலை. வரவில்லை என்றால் நான்காவது வரிசையில் அவனுக்குக் கொடுக்க வேலை இல்லை. அங்கே கேட்பது ஃபோர்செக் (எதிரணியை அதன் எல்லையிலேயே துரத்தி நெருக்குவது), போர்டு (ஐஸைச் சுற்றிய தடுப்புச்சுவர்) ஓரச் சண்டை, ஆள் குறைவாக இருக்கும்போது ஷாட் தடுப்பது. 6 அடி 3 இருப்பவன் கோல் அடிக்கும் கனவு பொய்த்தாலும் 10 நிமிடம் ஆடி 500 ஆட்டம் பார்த்துவிடுவான். ஒருவனுக்கு விழுந்தாலும் தாங்கத் தரை இருக்கிறது, இன்னொருவனுக்கு இல்லை. பொது மேலாளர் முதல் சுற்றில் யோசிப்பது உச்சியைப் பற்றி மட்டுமல்ல.

அடுத்தது மூலை. எதிரணி பக்கை (ரப்பர் வட்டை) உள்ளே தள்ளிவிட்டது, உங்கள் ஆள் போர்டை நோக்கி முகம் வைத்துப் பக்கை எடுக்கப் போகிறான், முதுகுக்குப் பின்னால் 215 பவுண்டு வருகிறது. அவன் கையில் இருப்பது ஒரு நொடிக்கும் குறைவு. பெரிய ஆள் பின்புறத்தைத் தள்ளி நிறுத்திக்கொண்டு, அடியை வாங்கியபடியே பக்கைக் காலுக்கிடையில் பூட்டிவைக்க முடியும். சின்ன ஆள் அந்த அடி விழுவதற்கு முன்பே பக்கைக் கைமாற்றியாக வேண்டும். ஒரு ராத்திரி அதைச் செய்வது பெரிய விஷயம் இல்லை. சீசனுக்கு 80-க்கும் மேல் ஆட்டம், அதற்கப்புறம் கோப்பைக்கு 16 வெற்றி, ஒரே எதிரணி ஏழு ஆட்டம் வரை தொடர்ந்து அதே ஆளை அடிக்கும். கணக்கு அங்கேதான் மாறுகிறது.

2023-ல் வேகஸ் கோப்பை வாங்கியபோது பின்வரிசையை, அதாவது டிஃபன்ஸ்மேன்களைப் பாருங்கள்: ஹேக் 6 அடி 6, மெக்நாப் 6 அடி 4, பியட்ராஞ்சலோ 6 அடி 3, தியோடோரும் வைட்கிளவுடும் 6 அடி 2, மார்ட்டினெஸ் 6 அடி 1. ஆறு பேரில் ஒருவர்கூட 6 அடிக்குக் கீழே இல்லை. அப்படி ஒரு பின்வரிசை சுலபத்தில் அமையாது. வலது கை ஷாட் அடிக்கும், ஸ்கேட் செய்யத் தெரிந்த 6 அடி 3 டிஃபன்ஸ்மேன் கிடைக்க வேண்டுமென்றால் டிராஃப்டில் எடு, இல்லாவிட்டால் சந்தை சொல்லும் விலையைக் கொடு. பெரிய ஃபார்வர்டுக்கும் அதே கதைதான். 2025 மார்ச்சில் 6 அடி 4 விங்கர் மிக்கோ ராண்டனெனுக்கு டாலஸ் கொடுத்தது லோகன் ஸ்டாங்கோவனையும் இரண்டு முதல் சுற்றுத் தேர்வுகளையும் இன்னும் சிலவற்றையும். ஸ்டாங்கோவன் 5 அடி 8, நல்ல ஆட்டக்காரர், 2021-ல் 47-வது. அந்தப் பரிமாற்றத்தில் எந்தப் பக்கம் அபூர்வம் என்று சந்தையே சொல்லிவிட்டது.


ஸ்காபரோபனி:

ரெண்டு பேரும் சொல்லுறது சரி. ஆனா நீங்கள் ரெண்டு பேரும் "உயரம்" எண்ட ஒரு சொல்லுக்குள்ள ரெண்டு வேற சாமானைப் போட்டுக் கதைக்கிறீங்கள்.

2003 டிராஃப்டை எடுங்கோ. 12-வது இடத்தில நியூயோர்க் ரேஞ்சர்ஸ் எடுத்தது ஹியூ ஜெசிமனை, 6 அடி 6. கடைசியில அவர் என்ஹெச்எல்லில விளையாடினது 2 ஆட்டம், அதுவும் புளோரிடாவுக்கு. உடனை எல்லாரும் "பாத்தியளோ, உயரத்துக்கு ஆசைப்பட்டுக் கெட்டினம்" எண்டு சொல்லுவினம். ஆனா அதே வருசம் 19-வதாப் போன கெட்ஸ்லாஃபும் பெரிய ஆள்தான், 20-வதாப் போன பிரென்ட் பேர்ன்ஸ் 6 அடி 5, 245-வதாப் போன பஃப்லினும் 6 அடி 5. உயரமான ஆளை எடுத்தது பிழை இல்லை. பிழையான உயரமான ஆளை எடுத்ததுதான் பிழை. ஜெசிமன் அப்ப 19 வயசு, டார்ட்மத் கல்லூரியில விளையாடிக்கொண்டிருந்தவர். அந்தப் பட்டியலில இருந்த கனபேரை விட ஒரு வயசு கூட. புள்ளிக்குள்ள உடம்பு மட்டும் இல்லை நீலக்கோடு, வயசும் ஒளிஞ்சு கிடக்கு.

2010-லயும் ரேஞ்சர்ஸ்தான். 10-வது இடத்தில டிலன் மக்கில்ராத், 6 அடி 5, சண்டைக்காரர். 12-வது காம் ஃபவுலர், 16-வது தாரசென்கோ. மக்கில்ராத்துக்கு உடம்பு இருந்தது. ஆட்டம் வேகமாகிக்கொண்டு போன காலத்தில அவருடைய கால் அதுக்கு ஈடு குடுக்கேல்லை.

டாம்பா பே அணியின்ர கதையையும் ஒருக்கா சொல்லவேணும், ஏனெண்டா ரெண்டு பக்கத்துக்காரரும் அதைத்தான் தங்கட பக்கம் இழுப்பினம். 2018-19-ல 62 வெற்றி. ஆனா பிளேஓஃபில முதல் சுற்றிலேயே கொலம்பஸிட்டை நாலுக்குப் பூச்சியம் எண்டு தோல்வி. அடுத்த வருசம் மரூன், பொகோசியன், குட்ரோ, கோல்மன் எண்டு கனமான, சண்டைக்குப் போற ஆக்களைக் கொண்டந்தினம். 2020, 2021 ரெண்டு கோப்பை. "பாருங்கோ, உடம்புதான் வென்றது" எண்டலாம். ஆனா அந்த ரெண்டு பிளேஓஃபிலயும் ஆர் கோல் அடிச்சது? 5 அடி 10 பிரேடன் பாயிண்ட், ரெண்டு வருசமும் 14, 14. மரூன் ஒப்பந்தத்தில வந்தவர், மற்றவை நடு சீசனில வந்தவை. பாயிண்டை அப்பிடி நடு சீசனில ஒருத்தரும் வித்திருக்க மாட்டினம். டிராஃப்டில எதை எடுக்கவேணும், எதைப் பிறகு வாங்கலாம் எண்டுறதுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியேல்லை.


அளவுகோல்:

உயரத்தை எப்படி அளக்கிறார்கள் என்பதிலிருந்தே குழப்பம் ஆரம்பமாகிறது, அதைக் கொஞ்சம் சொல்கிறேன்.

அணியின் இணையப் பக்கத்தில் இருக்கும் உயரத்தை நம்பாதீர்கள். லீக்கின் மத்திய ஸ்கவுட்டிங் பிரிவு ஷூ இல்லாமல் கால் அங்குல நுணுக்கத்தில் அளக்கும். ஜூனியர் அணி 5 அடி 11 என்று போட்டிருக்கும் பையன் அங்கே 5 அடி 9.75 ஆக இறங்குவது சாதாரணம். பஃபலோவில் நடக்கும் கம்பைனில் (டிராஃப்டுக்கு முந்தைய உடற்தகுதிச் சோதனையில்) உயரம், எடை, விரித்த கைகளின் நீளம், கொழுப்பு விகிதம் எல்லாம் எடுப்பார்கள். பிறகு குதித்தல், உடல் எடையில் பாதியை வைத்து பெஞ்ச் பிரஸ், புல்-அப், சைக்கிளில் 30 வினாடி முழு வேகச் சோதனை, மூச்சுத்திறன் சோதனை. ஒன்று கவனியுங்கள்: ஐஸில் ஒரு சோதனைகூடக் கிடையாது. ஹாக்கி ஆட்டக்காரனை ஸ்கேட் இல்லாமல் அளக்கும் இடம் அது. 2014-ல் சாம் பென்னட் ஒரு புல்-அப்கூட எடுக்கவில்லை என்பது தலைப்புச் செய்தியானது. கல்கரி அசராமல் 4-வதாக எடுத்தது. 2025-ல் புளோரிடாவுக்குக் கோப்பையும் தனக்குக் கான் ஸ்மைத்தும் வாங்கினார்.

உயரமும் எடையும் ஒன்றல்ல. எடை வரும், உயரம் வராது. 2017-ல் 5-வதாகப் போன எலியாஸ் பெட்டர்சன் 6 அடி 2, எடையோ 160 சொச்சம் பவுண்டு. ஒல்லிக்குச்சி என்று சொன்னார்கள். 2019-ல் சிறந்த புதுமுக விருது. 17 வயதில் ஒல்லியாக இருப்பது பெரும்பாலும் இன்னும் வளர்ச்சி முடியவில்லை என்பதற்கான அடையாளம். அதே வயதில் 215 பவுண்டு, தாடி, அகன்ற தோள் என்றால் அவன் வளர வேண்டியதை வளர்ந்து முடித்திருக்கலாம். இன்றைய எடையை விட இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பதே கேள்வி.

அதற்குத்தான் எலும்பு வயது பார்ப்பது. இடது கை மணிக்கட்டை எக்ஸ்ரே எடுத்தால் வளர்ச்சித் தட்டு மூடிவிட்டதா இல்லையா தெரியும். 2022-ல் டிஃபன்ஸ்மேன் லேன் ஹட்சன் இன்னும் வளர வாய்ப்பிருக்கிறது என்ற மருத்துவக் குறிப்பையே அணிகளிடம் கொண்டுபோய்க் காட்டினார். அப்போது 5 அடி 8, 150 பவுண்டுக்கும் கீழே. அப்படியும் 62-வதுதான்.

பிறந்த தேதியும் பாருங்கள். செப்டம்பர் 15-க்குள் 18 முடிந்தால் அந்த வருட டிராஃப்ட். ஆஸ்டன் மேத்யூஸ் 1997 செப்டம்பர் 17, இரண்டு நாளில் ஒரு வருடம் தள்ளிப்போனார். ஒரே டிராஃப்டில் செப்டம்பர் கடைசியில் பிறந்தவனும் அடுத்த ஆண்டு செப்டம்பர் தொடக்கத்தில் பிறந்தவனும் இருப்பார்கள். கிட்டத்தட்ட ஒரு முழு வருட வித்தியாசம். 17 வயதில் ஒரு வருடம் என்பது இரண்டு அங்குலமும் 15 பவுண்டுமாக இருக்கலாம். உயரத்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று நினைத்துக்கொண்டு பிறந்த மாதத்தைப் பற்றிப் பேசுகிறோம், பல நேரம்.

தாமதமாக உயர்ந்தவர்களுக்கு இன்னொரு சிக்கல். ஒரே வருடத்தில் 3, 4 அங்குலம் வளர்ந்தவனுக்குக் கால் நீளம் மாறிவிடும், முழங்கால் மடிப்பு போய்விடும், திருப்பத்தில் தடுமாறுவான். அதைப் பார்த்து "ஸ்கேட்டிங் மோசம்" என்று எழுதிவிட்டால் தப்பு. அக்டோபர் மாத வீடியோவையும் மார்ச் மாத வீடியோவையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மார்ச்சில் மடிப்பு திரும்பியிருந்தால் அவன் உடம்புக்குப் பழகிக்கொண்டிருக்கிறான். கோல்டன் பராய்கோ தாமதமாக வளர்ந்தவர், முதல் வாய்ப்பில் யாரும் எடுக்கவில்லை, 19 வயதில் 2012-ல் 86-வதாகப் போனார். இன்று 6 அடி 6, 2019 செயின்ட் லூயிஸ் கோப்பையின் தூண்களில் ஒருவர்.


முதல்சீசன்:

எல்லோருக்கும் வணக்கம். இவ்வளவு விவரத்துக்கு நன்றி. ஒரு கேள்வி. ஒரு ஜூனியர் ஆட்டத்தைப் பார்க்கும்போது, "இந்தக் குட்டைப் பையன் மேலே தாக்குப்பிடிப்பான், அந்தக் குட்டைப் பையன் மாட்டான்" என்று எதை வைத்துப் பிரிப்பது? புள்ளி இருவருக்கும் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.


நீலக்கோடு:

நல்ல கேள்வி. நான் பார்க்கும் வரிசையிலேயே சொல்கிறேன்.

புள்ளியைப் பிரியுங்கள். பவர் ப்ளேயில் வந்ததைத் தனியே எடுத்துவையுங்கள். ஆள் கூடுதலாக இருக்கும்போது இடம் தானாகக் கிடைக்கும், சின்ன ஆளுக்கு அது சொர்க்கம். ஐந்துக்கு ஐந்தில் எத்தனை? அதிலும் கோலும் முதல் அசிஸ்டும் எத்தனை? இரண்டாவது அசிஸ்ட் பல நேரம் போகிற போக்கில் கிடைப்பது. பாதிக்கு மேல் பவர் ப்ளேயில் வந்த புள்ளி என்றால் எச்சரிக்கையாகிவிடுவேன்.

அடுத்து, ஷாட் எங்கிருந்து? வலைக்கு நேர் எதிரே, இரண்டு வட்டங்களுக்கு நடுவில் வருகிறானா, அல்லது ஓரத்திலேயே சுற்றுகிறானா? ஓரத்தில் சுற்றுபவன் ஜூனியரில் பிழைப்பான், மேலே அந்த ஓரத்தையும் அடைத்துவிடுவார்கள். விங்கர் காஃபீல்ட் 5 அடி 7, அமெரிக்க இளையோர் பயிற்சி அணிக்கு 64 ஆட்டத்தில் 72 கோல். 2019-ல் 15-வதாகப் போனார். அவருடைய கோல்களைப் பார்த்தால் தெரியும், நடுவில் ஓட்டை திறக்கும் அந்த அரை நொடிக்கு முன்பே அங்கே வந்து ஸ்டிக்கை நீட்டி நிற்பார். மோதலைத் தவிர்ப்பதும் நடுப்பகுதியைத் தவிர்ப்பதும் வேறு வேறு.

மூன்றாவது, முதல் தொடுதல். மூலைச்சண்டை சொன்ன அதே மூலைக்கு வருகிறேன். ஹட்சன் பக்கை எடுக்கப் போகும்போது கவனியுங்கள். போகிற வழியிலேயே இடது தோளுக்கு மேல் ஒரு பார்வை, வலது தோளுக்கு மேல் ஒரு பார்வை. பக்கைத் தொடும் முன்பே இடுப்பை ஒரு பக்கம் சாய்ப்பார், துரத்திவருபவன் அந்தப் பக்கம் எடை போடுவான், அதற்குள் குதிகால் இரண்டையும் விரித்து மறுபக்கம் திரும்பிவிடுவார். 215 பவுண்டு போர்டில் போய் மோதும், பக் ஏற்கெனவே நடுவில் இருக்கும். இது பயத்தில் நழுவுவது இல்லை. எதிராளியின் எடையை அவனுக்கே எதிராகத் திருப்பும் ஆட்டம். பாஸ்டன் பல்கலைக்கழகத்தில் முதல் வருடமே 39 ஆட்டத்தில் 48 புள்ளி. 2024-25-ல் என்ஹெச்எல்லில் 60 அசிஸ்ட், புதுமுக டிஃபன்ஸ்மேனுக்கான லாரி மர்ஃபியின் பழைய சாதனைக்குச் சமம், கூடவே சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் விருது.

தோள்பார்வை இல்லாத குட்டை டிஃபன்ஸ்மேன் எத்தனை வேகமானவனாக இருந்தாலும் எடுக்கமாட்டேன். ஒரு ஆட்டத்தில் பத்துத் தடவை பக் எடுக்கப் போனால் எத்தனை தடவை பார்க்கிறான் என்று எண்ணுங்கள். எண்ணிப் பார்த்தால் உயரத்தைப் பற்றிய பாதி வாதம் தேவையே இருக்காது.

கடைசியாக, எதிரணி அவன் மேல் எத்தனை தடவை ஃபவுல் செய்கிறது? வேகமும் தந்திரமும் உள்ள சின்ன ஆளைப் பிடித்து இழுக்காமல் நிறுத்த முடியாது. 2004-05 சீசன் நடக்காமல் போன பிறகு கொக்கி போடுவது, கட்டிப்பிடிப்பது எல்லாவற்றுக்கும் நடுவர்கள் கறாராக விசில் ஊதினார்களே, அதற்கப்புறம்தான் இந்தத் திறமைக்கு விலை வந்தது.


மூலைச்சண்டை:

இதில் எதற்கும் மறுப்பு இல்லை. பெரிய ஆளுக்கும் அதே மாதிரி ஒரு தேர்வு வைக்க வேண்டும், அதை நான் சொல்லிவிடுகிறேன்.

6 அடி 5 டிஃபன்ஸ்மேன் பின்னோக்கி ஸ்கேட் செய்துகொண்டே வருகிறான், எதிராளி வெளிப்பக்கம் வேகமெடுக்கிறான். முன்பக்கமாகத் திரும்பும் அந்தக் கணத்தைப் பாருங்கள். ஒரு பக்கம் சுலபமாகத் திரும்பி மறுபக்கம் மூன்று அடி எடுத்துக்கொள்கிறான் என்றால், மேலே இருக்கும் விங்கர்கள் ஒரே வாரத்தில் அதைக் கண்டுபிடித்து அந்தப் பக்கமே வருவார்கள். பிறகு ஸ்டிக். விதிப்படி ஸ்டிக் அதிகபட்சம் 63 அங்குலம், 6 அடி 6-ம் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு 65 வரை அனுமதி. நீண்ட கையும் அந்த ஸ்டிக்கும் சேர்ந்தால் 85 அடி அகல ஐஸில் பாஸ் போகும் பாதை எத்தனை அடைபடும்! ஆனால் பல பெரிய பையன்கள் ஸ்டிக்கை இடுப்பு உயரத்தில் பிடித்துக்கொண்டு உடம்பால் மட்டும் தேடுவார்கள். ஸ்டிக் நுனி ஐஸில் இருக்கிறதா என்பதே முதல் கேள்வி. டிஃபன்ஸ்மேன் சாரா 6 அடி 9, 1996-ல் 56-வது. அவர் 1,680 ஆட்டம் ஆடியதற்கு அடி கொடுத்தது மட்டும் காரணம் இல்லை. ஸ்டிக்கை வைத்த இடமும் காரணம்.

2024-ல் நியூ ஜெர்சி 10-வதாக 6 அடி 7 அன்டன் சிலாயெவை எடுத்தது. இரண்டு இடம் கழித்து மினசோட்டாவுக்கு ஜீவ் பூயம், டென்வரில் 42 ஆட்டத்தில் 50 புள்ளி, கல்லூரி சாம்பியன் பட்டத்துடன் வந்தவர், உயரம் 6 அடி. நான் பூயமைத்தான் எடுத்திருப்பேன். ஆனால் 17 வயதில் ரஷ்யாவின் மேல் லீக்கில் ஆண்களோடு ஆடிய, ஸ்கேட் செய்யத் தெரிந்த 6 அடி 7 டிஃபன்ஸ்மேன் எத்தனை வருடத்துக்கு ஒருவர் வருவார் என்று நியூ ஜெர்சி யோசித்தால் அதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன்.


கோல்கூடு:

கோலிகளை (வலை காப்பவர்களை) எல்லோரும் மறந்துவிட்டீர்கள். உயரத்துக்கு இங்கேதான் மிக அதிக விலை, கணக்கும் இங்கேதான் தெளிவாக இருக்கிறது.

வலை 6 அடி அகலம், 4 அடி உயரம். இன்றைய கோலி பெரும்பாலான நேரம் முழங்காலில் இறங்கித்தான் தடுக்கிறார். நின்றால் 6 அடி 5-க்கும் 6 அடிக்கும் 5 அங்குல வித்தியாசம். முழங்காலில் இறங்கியதும் அது தோளில் ஏறக்குறைய 3 அங்குலமாகச் சுருங்கும். பக்கின் விட்டமே 3 அங்குலம். மேல் மூலையில் ஒரு பக் அளவு இடைவெளி கூடுதலாகத் திறந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியை மூடச் சின்ன கோலி முன்னே வந்து நிற்க வேண்டும். முன்னே வந்தால் பக்கவாட்டுப் பாஸுக்குத் திரும்பிப் போகும் தூரம் கூடும். ஆகவே அவருக்குத் தேவை அபாரமான கால். பெரியவர் வலைக்குள்ளேயே நின்று குறைந்த தூரம் நகர்ந்தால் போதும்.

முன்பு பெரிய கவசம் போட்டு மறைத்துவிடலாம். 2005-ல் கால் பேடின் அகலத்தை 11 அங்குலமாகக் குறைத்தார்கள், பிறகு பேன்ட், 2018-19-ல் மார்புக் கவசம், எல்லாம் உடம்பை ஒட்டி வந்துவிட்டன. சின்ன உடம்புக்குச் சின்ன கவசம். அதனால்தான் 2021-ல் டெட்ராய்ட் மேலே ஏறிவந்து 15-வதாக 6 அடி 6 செபாஸ்டியன் கோசாவை எடுத்தது. அதற்காகக் கைமாறிய 23-வது இடத்தில் டாலஸ் எடுத்தது வயட் ஜான்ஸ்டனை. டாலஸுக்கு அது பொன்னாக முடிந்தது.

மறுபக்கம் டஸ்டின் வுல்ஃப். 6 அடி. 2019-ல் மொத்தம் 217 பேரில் 214-வது. 2024-25-ல் கல்கரியின் முதல் கோலி, கால்டர் வாக்கெடுப்பில் ஹட்சனுக்கு அடுத்த இடம். யூசே சாரோஸ் 5 அடி 11, 2013-ல் 99-வது. இருவரிடமும் ஒரு விஷயம் பொது: ஷாட் வருவதற்கு முன்பே நின்றுவிடுவார்கள். நகர்ந்துகொண்டே தடுக்கும் சின்ன கோலியை நான் எந்தச் சுற்றிலும் தொடமாட்டேன். அசையாமல் நிற்கும் சின்ன கோலி ஆறாவது, ஏழாவது சுற்றில் கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன், ஏனென்றால் அந்தச் சுற்றில் இழப்பதற்கு ஒன்றும் இல்லை.


ஸ்காபரோபனி:

கோல்கூடு சொன்ன கடைசி வசனத்தைப் பிடிச்சுக்கொண்டு ஒண்டு சொல்லுறன். எந்தச் சுற்றில எண்டதும், எவ்வளவு காலம் காத்திருக்கலாம் எண்டதும் சேர்ந்து வரவேணும்.

முந்தி இருந்த விதிப்படி கனடா ஜூனியர் லீக்கில இருந்து எடுத்தால் ரெண்டு வருசத்துக்குள்ள ஒப்பந்தம் போடவேணும், இல்லாட்டி உரிமை போயிரும். கல்லூரிக்குப் போறவனெண்டால் நாலு வருசம் மட்டும் பாத்துக்கொண்டிருக்கலாம். சின்ன ஆளுக்கு 20 பவுண்டு தசை ஏத்த நேரம் வேணும். ஜாரட் ஸ்பர்ஜனை 2008-ல 156-வதா ஐலண்டர்ஸ் எடுத்துது, ஒப்பந்தம் போடேல்லை. மினசோட்டா சும்மா கூட்டிக்கொண்டு போச்சுது, பிறகு அங்க கப்டன். 5 அடி 9 டிஃபன்ஸ்மேன். பிழை டிராஃப்டில நடக்கேல்லை, காத்திருக்காததில நடந்தது.

பிறகு ஒரு அணியில எத்தனை சின்ன ஆள் இருக்கலாம் எண்டது. மொன்றியலில காஃபீல்டும் ஹட்சனும் நிலைச்சு நிக்கினமெண்டால், அதே 2022-ல முதலாவதா எடுத்த ஸ்லாஃப்கோவ்ஸ்கியும் ஒரு காரணம். அந்தப் பெரிய உடம்பு மூலையில பக்கை எடுத்துக் குடுக்க, காஃபீல்ட் அடிக்கிறார். ஒலிம்பிக்கில 17 வயசில 7 கோல் அடிச்சுச் சிறந்த ஆட்டக்காரரானவர், உயரத்துக்காக மட்டும் எடுத்த ஆள் எண்டு சொல்லேலாது. 2023-ல ரஷ்ய விங்கர் மிச்கோவ் 7-வதுக்கு விழுந்ததையும் உயரத்தோட மட்டும் முடிச்சுப் போடாதையுங்கோ, அவருக்கு ரஷ்யாவில 2026 மட்டும் ஒப்பந்தம் இருந்தது.


முதல்சீசன்:

அப்படியானால் ஒரு பட்டியல் போட உட்கார்ந்தால், உயரத்துக்கு எந்தக் கட்டத்தில் இடம் கொடுப்பது?


நீலக்கோடு:

உயர நிரலை மறைத்துவிட்டு முதல் பட்டியல். ஆட்டமும் பிறந்த மாதமும் மட்டும். அதற்கப்புறம் திறந்து பாருங்கள். இந்த இழையில் நான் மாற்றிக்கொண்டது இங்கேதான்: ஆடும் இடத்தைப் பார்க்காமல் உயரத்தைப் பேசக்கூடாது. விங்கருக்கு உயரத்தால் பட்டியலில் ஓரிரு இடத்துக்கு மேல் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. சென்டருக்கு (நடு ஃபார்வர்டுக்கு) அதைவிடக் கொஞ்சம் கூடுதல், ஃபேஸ்ஆஃப் (இருவர் நடுவே நடுவர் பக்கைப் போட்டு ஆட்டம் தொடங்குவது) எடுத்துப் பின்னால் வந்து வலைக்கு முன் தடுப்பதும் அவர் வேலை. டிஃபன்ஸ்மேனுக்கு இன்னும் கூடுதல், ஆனால் தோள்பார்வையும் இரு பக்கத் திருப்பமும் தேறிய பிறகுதான். கோலிக்கு மட்டும் கோல்கூடு சொன்னபடி தனிப் பட்டியல்.

யாரையாவது எட்டு, பத்து இடம் நகர்த்த வேண்டும் என்று தோன்றினால் நகர்த்தாதீர்கள். முதல் பட்டியலில் அவனைத் தவறாக வைத்துவிட்டீர்கள் என்று அர்த்தம். திரும்பப் போய் அவனுடைய மூன்று ஆட்டத்தைப் பாருங்கள்.


முதல்சீசன்:

சரி. இந்த சனிக்கிழமை ஒரு ஒன்டாரியோ லீக் ஆட்டம் பார்க்கப் போகிறேன். ஒரே ஒரு குட்டை டிஃபன்ஸ்மேன், அவன் பக் எடுக்கப் போகும் ஒவ்வொரு தடவையும் தோள்பார்வை உண்டா இல்லையா, எண்ணிவந்து இங்கே போடுகிறேன்.


மூலைச்சண்டை:

இரண்டாவது பீரியடைத் தனியாக எண்ணுங்கள் தம்பி. அதில் பெஞ்ச் தூரம், ஆள் மாற்ற நேரமாகும், கால் களைத்திருக்கும். களைத்த பிறகும் தோளுக்கு மேல் பார்க்கிறானா என்று பாருங்கள்.